கருப்புத் திரையைக் கழற்றாதீர்கள்

ஆய்வகத்தின் மேற்குச் சுவரில் தொங்கும் கருப்புத் திரையைக் கழற்றப் போகிறார்கள் என்று இப்போது அங்கே வேலை செய்யும் உங்களில் ஒருத்தி போனில் சொன்னாள். கம்பெனியின் புதிய வெப்சைட்டுக்குப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்களாம். திரை அசிங்கமாக இருக்கிறதாம். கண்ணாடிச் சுவர் பளிச்சென்று தெரிந்தால்தான் நவீனமாக இருக்குமாம். "மேடம், அது ஏன் அங்க இருக்குன்னே யாருக்கும் தெரியல" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. தெரியாது என்றால் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வுபெற்றவள் எழுதுகிறாள் என்று மூடி வைக்காமல் கடைசி வரை படியுங்கள்.

நான் செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் நம் கம்பெனியில் சேர்ந்தபோது ஆய்வகம் பின்பக்கம், குடோனை ஒட்டி இருந்தது. ஒரே ஜன்னல். அதையும் யாரோ அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பகலிலும் டியூப்லைட் எரியும். மிளகு, மஞ்சள், இஞ்சி என்று மூட்டைகள் வரும். அவற்றின் சாரத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது கம்பெனியின் தொழில். வந்த சரக்கில் சத்து எவ்வளவு என்று கருவியில் அளந்து கையெழுத்துப் போடுவது என் வேலை. மிளகென்றால் பைப்பரின். மிளகுக்குக் காரம் தருகிற ஆல்கலாய்டு அது. கரைத்து வைத்ததைக் கருவிக்குள் செலுத்தினால் தாளில் ஒரு மலை முகடு போலக் கோடு எழும்பும். முகடு பெரிதென்றால் சரக்கு நல்லது.

இந்த வேலையை வருடக்கணக்கில் செய்தேன். ஆனால் பைப்பரினை நான் கண்ணால் பார்த்ததில்லை. எம்.எஸ்சி. படித்தவள், தாளில் கோடு பார்த்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது எனக்குப் பெரிய அவமானமாகத் தோன்றியது. அன்றே லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை என் சொந்த ஆய்வகமாகிவிட்டது.

முதலில் தேயிலை. பழைய அலுமினியப் பாத்திரம், கவிழ்த்து வைத்த பீங்கான் தட்டு, நிறையப் பொறுமை. பல ஞாயிறுகள் வீணாகி ஒரு நாள் தட்டின் அடியில் பட்டு நூலை நறுக்கிப் போட்டதுபோல வெள்ளை ஊசிகள் ஒட்டியிருந்தன. கஃபீன். நான் போட்ட சத்தத்தில் என் கணவர் குளியலறையிலிருந்து பாதி சோப்போடு ஓடி வந்தார். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். திருச்சி பொன்மலையில் பிறந்து இரும்போடு வளர்ந்த மனிதர். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை கேஸ் சிலிண்டர்?" என்றார். ஆனால் தட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மிளகு என்னை நன்றாகவே அழவைத்தது. முதல் முயற்சிகளில் கிடைத்ததெல்லாம் கன்னங்கரேல் என்ற பிசின். "தார் ரோடு போடப் போறியா?" என்று அவர் கேட்டார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சுபேதார், செகந்திராபாத் மிலிட்டரி கேண்டீனிலிருந்து ஒரு பாட்டில் வோட்கா கொண்டுவந்து கொடுத்தார். தனக்குத்தான் என்று என் கணவர் கண்ணெல்லாம் மின்னக் காத்திருந்தார். நான் அதை, சத்தைக் கரைத்து எடுக்க, மிளகுப் பொடியில் ஊற்றிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் மகள் நிலைமை இன்னும் மோசம். "அம்மா, நா ஃப்ரெண்ட்ஸ் வஸ்துன்னாரு. ப்ளீஸ், அந்த பாட்டில்ஸெல்லாம் எடுத்துடு. மா அம்மா சைன்டிஸ்ட் அன்ட்டே எவ்வரூ நம்மரு" என்பாள். பாதி தெலுங்கில்தான் பேசுவாள். சிநேகிதிகள் வருகிறார்களாம், நான் விஞ்ஞானி என்று சொன்னால் யாருமே நம்ப மாட்டார்களாம். யாரும் நம்ப வேண்டாம் என்று சொன்னேன். கடைசியில் மிளகும் வழிக்கு வந்தது. வெளிர் மஞ்சளில், சர்க்கரையைவிட மெல்லிய படிகங்கள். ஊசி முனையில் எடுத்து நாக்கில் வைத்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு மெதுவாக ஏறி, காதுவரை சுட்டது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எந்த இன்கிரிமென்ட்டும் கொடுத்ததில்லை.

செய்தி பரவியது. குவார்ட்டர்ஸில் ஒருவர் தன் அண்ணனுக்கு இழுப்பு நோய் என்று ஒரு பை நிறைய ஊமத்தங்காய் கொண்டுவந்தார். இதிலிருந்தும் மருந்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். வாசலிலேயே நிறுத்தி, "நக்கோ, வேண்டாம்" என்றேன். அவர் கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், உனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள் என்றார். "தெரியும். தெரிஞ்சதாலதான் மாட்டேங்கறேன். அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். விஷத்தைப் பிரிக்கிற இடம் சமையலறை இல்லை. நான் நாக்கில் வைக்கத் துணியாததை என் அடுப்பில் வைக்க மாட்டேன் என்று அன்று ஒரு விதி போட்டுக்கொண்டேன். நீங்கள் வீட்டில் எதையாவது செய்து பார்ப்பதாக இருந்தால் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரசத்துக்கு வருகிறேன். மிளகுப் படிகங்களைக் கொஞ்சம் வோட்காவில் கரைத்து இரண்டு சின்ன பாட்டில்களில் வைத்திருந்தேன். ரசம் கொதிக்கும்போது சில சொட்டு விட்டால் போதும், மிளகு தட்டிப் போட்ட காரம் வரும். ஒரு பாட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி ஜன்னல் திட்டில் இருந்தது. இன்னொன்று அலமாரிக்குள். சில நாளில் என் கணவர் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "என்ன ஆச்சு, சப்புன்னு இருக்கு?" என்றார். சொட்டுகளைக் கூட்டினேன். மறுபடியும் சப்பென்றுதான் இருந்தது. அலமாரி பாட்டிலைத் திறந்து அதே அளவு சொட்டு விட்டேன். புரையேறி அவர் எழுந்தே போய்விட்டார்.

ஒரே படிகம், ஒரே வோட்கா, ஒரே நாளில் கரைத்தது. ஒன்று வெயில் பட்டது, ஒன்று படவில்லை. புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். கரைத்து வைத்த பைப்பரின் மேல் வெளிச்சம் பட்டால் அதன் மூலக்கூறு வளைந்து வேறு உருவம் எடுத்துவிடும், அந்த உருவத்துக்குக் காரம் கிடையாது என்று போட்டிருந்தது. கல்லூரியில் இதே வரியைப் படித்துப் பரீட்சை எழுதியவள்தான் நான். அது என் மண்டையில் ஏறியது ரசம் சப்பென்று போன அன்றுதான்.

அந்தக் காலத்தில் மாதாபூர் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. நம் எம்.டி. ஒருமுறை அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டு வந்தார். அவ்வளவுதான். பாலாநகரில் ஷெட்டுகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் நடுவே நமக்கும் ஒரு கண்ணாடி ஆய்வகம் வந்தது. மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள் வராந்தாவில் நின்றபடி உள்ளே வேலை நடப்பதைப் பார்க்கலாம். அதற்குத் தோதாக, கரைத்து வைத்த குடுவைகளைக் கண்ணாடி ஓரத்து மேஜையில் வரிசையாக அடுக்கச் சொல்லி உத்தரவு. மஞ்சள் ஒரு நிறம், மிளகு ஒரு நிறம் என்று வெயிலில் ஜொலிக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

கொஞ்ச நாளில் மிளகு தோற்க ஆரம்பித்தது. எல்லா மிளகும் இல்லை. அருள்ராஜ் எடுத்து வருகிற மிளகு மட்டும்.

அருள்ராஜ் ஸ்டோர் பொறுப்பாளர். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அவன் பேசுகிற தமிழில் பாதி, இந்த ஊர் உருதுவான தக்கினியாக இருக்கும். ரயில் பார்சலில் வரும் மிளகை ஸ்டேஷனில் பிரித்துப் பார்த்து எடுத்து வருவது அவன் வேலை. உள்ளூர் வியாபாரிகளின் சரக்கு லாரியில் காலையிலேயே வந்துவிடும். அருள்ராஜின் மூட்டைகள் மதியம்தான் வந்து சேரும்.

கருவியில் அவன் மிளகுக்கு முகடு குட்டையாக வந்தது. பக்கத்தில் முன்பு இல்லாத சின்னச் சின்ன முகடுகளும் எழும்பின. எங்கள் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கெட்டிக்காரர். தாளைப் பார்த்ததுமே முடிவுக்கு வந்துவிட்டார். "கலப்படமுங்க மேடம். பப்பாளி விதையை அரைச்சுக் கலந்திருக்கறாங்க. நல்ல மிளகை வெளிய வித்துட்டு இதை நமக்குக் குடுக்கறாங்க. ஸ்டோர்ல ஆள் சரியில்லீங்க."

மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். சரக்கில் கலப்படம் செய்த சந்தேகத்தின் பேரில் அருள்ராஜ் பணியிடை நீக்கம். தானாக ராஜினாமா கொடுத்தால் விட்டுவிடுவது, இல்லாவிட்டால் போலீஸ் புகார். கேண்டீனுக்குப் போகிற வழியில் இருந்தது அந்தப் போர்டு. எல்லோரும் சாப்பிடப் போகும்போது படித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "அக்கா, நான் கைக்கு, எதுக்கு அக்கா பப்பாளி விதை போடணும்? ராஜினாமா குடுன்றாங்க. குடுத்தா ஹவ், ஆமா, நான்தான் திருடன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாதா? வேலை போனா போவுது அக்கா. பேரு போவக் கூடாது. எம் பொண்டாட்டி தெருவுல தண்ணி புடிக்கப் போக மாட்டேங்குறா" என்றான். பேசும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அவன் போன பிறகு நான் அடுப்பங்கரையில் நின்றேன். ஜன்னல் திட்டில் சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் என் பாட்டில் சப்பென்று போனது. மதியம் வருகிற மிளகு. மேற்குக் கண்ணாடி. வெயிலில் ஜொலிக்கிற குடுவைகள். காலையில் வருகிற சரக்கு வெயில் திரும்புவதற்கு முன்பே கருவிக்குள் போய்விடுகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் சுத்தமான பைப்பரின் கரைசலோ குளிர்பெட்டிக்குள் இருட்டில் இருக்கிறது. வெயிலில் நின்று கெட்டுப்போவது அருள்ராஜின் மிளகு ஒன்றுதான்.

மறுநாள் காலை மேலாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க சொல்றது கிச்சன் கெமிஸ்ட்ரிங்க. கோடிக்கணக்குல கட்டுன லேபை உங்க ரசத்தை வெச்சுக் குத்தம் சொல்ல முடியுமுங்களா? கலப்படம்னு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க, எம்.டி. கேக்கறாரு."

"மாட்டேன்."

"ஒரு கையெழுத்துதானுங்களே."

"உங்களுக்கு அது கையெழுத்து. எனக்கு அது நான் சொல்ற சாட்சி. ஒரு குடுவையை மூடி வச்சு, ஒண்ணைத் திறந்து வச்சு ஓட்டிப் பாருங்க. அப்புறம் போடறேன்."

கருவிக்கு நேரமில்லை என்றார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், இந்த நேரத்தில் ஆய்வகத்தின் மீதே சந்தேகத்தைக் கிளப்பினால் ஆர்டர் போய்விடும் என்றார். ரிட்டயர்மென்ட் நெருங்குகிற நேரத்தில் எதற்கு வம்பு என்றும் சொன்னார். இது அக்கறையா மிரட்டலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் மாட்டேன் என்று சொன்னேன். பயம் போனபிறகு பேசலாம் என்று காத்திருந்தால் வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பேச முடியாது.

கருவி கிடைக்காது, சரி. கிச்சன் கெமிஸ்ட்ரி என்றார் இல்லையா, அதையே காட்டுவோம் என்று தீர்மானித்தேன். வந்த ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கைப்பிடி முத்திரை போட்டு ஸ்டோரில் வைப்பது நம் வழக்கம். கலப்படம் என்று தள்ளிய அதே சரக்கின் கைப்பிடியை முறைப்படி கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என் அடுப்பில் அதைப் பிரித்தேன். அன்று என் கணவரே கேஸைத் திருகிக் கொடுத்தார். போன முறை வோட்காவுக்காக முறைத்துக்கொண்டவர், இந்த முறை சுபேதாரிடம் தானே போய் வாங்கி வந்தார். "விடாதே" என்று மட்டும் சொன்னார்.

படிகத்தைக் கரைத்து இரண்டு ஒரே மாதிரி கண்ணாடி பாட்டில்களில் ஊற்றினேன். ஒன்றை ஆய்வகத்தின் கண்ணாடி ஓரத்து மேஜையில், குடுவைகளோடு குடுவையாக வைத்தேன். மற்றதைச் சாப்பாட்டுப் பைக்குள் துணியில் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்தேன். அந்த வாரம் மேலாளர் மேஜையைக் கடந்து போகும்போது, "புதுசா ஒண்ணு வெச்சிருக்கீங்களா? நல்லா இருக்குதுங்க" என்று பாராட்டிவிட்டுக்கூடப் போனார்.

வார இறுதியில் கேண்டீன் சமையல்காரரிடம் சொல்லி மிளகும் மிளகாயும் போடாமல் ஒரு புளி ரசம் வைக்கச் சொன்னேன். எம்.டி. தினமும் மதியம் கேண்டீனில்தான் சாப்பிடுவார். குண்டூர்க்காரர், மிளகாய்ப் பொடியைப் பருப்புப் பொடி மாதிரி பிசைந்து சாப்பிடுகிறவர். ரசத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் சமமாகச் சொட்டுவிட்டுக் கொதிக்கவைத்தேன். இரண்டு டம்ளர்களில் எடுத்துக்கொண்டு நேராக அவர் மேஜைக்குப் போனேன். மேலாளரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

முதல் டம்ளரை எம்.டி. குடித்தார். "ஏமம்மா, சாருலோ மிரியாலு வேயலேதா?" என்றார். ரசத்தில் மிளகு போடவில்லையா என்று கேட்கிறார்.

இரண்டாவது டம்ளரை நீட்டினேன். ஒரு வாய்தான். முகம் சிவந்து, இருமி, தண்ணீரை எடுத்துக்கொண்டார். "இதி சாரு!" என்றார். இதுதான் ரசமாம்.

எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். இரண்டும் ஒரே மூட்டை மிளகு. பப்பாளி விதை என்று நீங்கள் தள்ளிய மூட்டை. காரமாக இருப்பது என் பைக்குள் இருந்தது. சப்பென்று இருப்பது உங்கள் கண்ணாடி ஓரத்தில் இருந்தது. அருள்ராஜ் எதையும் திருடவில்லை. திருடியது உங்கள் ஆய்வகத்து வெயில்.

"சார், இது டேஸ்ட். டேட்டா கிடையாது" என்று மேலாளர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"அதைத்தானே நான் முதல் நாளே கேட்டேன்? டேட்டா எடுங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன். ஆனால் எம்.டி.க்குப் புரிந்துவிட்டது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, இன்றைக்கே ஓட்டிப் பார் என்று மேலாளரிடம் சொன்னார்.

ஓட்டினார்கள். அதே மூட்டை மிளகைக் கரைத்து, அலுமினியத் தாளில் சுற்றிய குடுவை ஒன்று, வெயிலில் வைத்த குடுவை ஒன்று. சுற்றி வைத்ததில் முகடு நெட்டையாக எழும்பியது. வெயிலில் வைத்ததில் குட்டை முகடும், பக்கத்தில் அதே சின்னச் சின்ன முகடுகளும் வந்தன. மேலாளர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதாவது பேசி அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு அலுவலகங்களைப் பற்றித் தெரியாது. திங்கட்கிழமை அருள்ராஜை வேலைக்கு வரச் சொல்லலாம் என்று முடிவெடுத்தார்கள். சத்தமில்லாமல், ஒன்றும் நடக்காததுபோல. போர்டில் இருந்த நோட்டீஸை மட்டும் யாரோ கிழித்து எடுத்துவிட்டார்கள். நான் மறுபடியும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். "திருடன்னு எந்தப் போர்டுல ஒட்டினீங்களோ அதே போர்டுல, இல்லைன்னு ஒட்டுங்க. அதுவரைக்கும் எந்த ரிப்போர்ட்லயும் என் கையெழுத்து விழாது" என்றேன். வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு கேட்டில் லாரியோடு நின்றது. மேலாளர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை வந்தபோது அவர் கையில் தட்டச்சு செய்த தாள் இருந்தது. அவர்கள் அதை ஒட்டியதை நான் போய்க் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்தத் தாளில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டது அந்த மேலாளர்தான். வேறு யார் தலையிலும் கட்டவில்லை.

திங்கட்கிழமை அருள்ராஜ் கக்கத்தில் ஒரு பெரிய துணி மூட்டையோடு வந்தான். ஸ்டோருக்குப் போகாமல் நேராக ஆய்வகத்துக்கு வந்தான். கெட்டியான கருப்புத் துணி, இரண்டு மடிப்பு, ஓரமெல்லாம் தைத்து மேலே வளையம் போட்டிருந்தது. அவன் மனைவி வீட்டு மெஷினில் தைத்தது. யாரிடமும் கேட்காமல் ஸ்டூலில் ஏறி மேற்குக் கண்ணாடி முழுவதும் அதைத் தொங்கவிட்டான். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "இனிமே வெயிலு நக்கோ அக்கா" என்றான். எம்.டி. அன்று வராந்தா வழியாகப் போனார், திரையைப் பார்த்தார், கழற்றச் சொல்லாமல் போய்விட்டார்.

உங்கள் கட்டிடத்தில் யாருக்கும் காரணம் தெரியாத திரை இதுதான். கருவி பொய் சொல்லாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது உண்மைதான், எங்கள் கருவியும் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்து சேர்ந்ததை அளந்து சொன்னது. வந்து சேருவதற்கு முன்னால் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள். அதைக் கேட்கிற புத்தி எனக்கு ஆய்வகத்தில் வரவில்லை, லாலாகுடாவில் என் அடுப்பில் வந்தது. வீட்டில் உங்களுக்கும் அடுப்பு இருக்கிறது. நாக்கில் வைக்கக் கூடியதாகப் பார்த்து எதையாவது பிரித்துப் பாருங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

படம் எடுக்க ஆட்கள் வரும்போது திரைக்கு முன்னால் போய் நில்லுங்கள். கழற்றச் சொன்னால் மாட்டோம் என்று சொல்லுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்றால், திருடன் என்று இதே கட்டிடத்தில் நோட்டீஸ் ஒட்டப்பட்டவனின் மனைவி தைத்தது என்று சொல்லுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் எனக்கு போன் செய்யுங்கள். லாலாகுடாவிலிருந்து பாலாநகருக்கு இன்றைக்கும் பஸ் இருக்கிறது. ரசத்தோடு வருகிறேன்.